எட்டுக் குளியலறையும் கைபேசிக் கோபுரமும்

(நமது முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் போன வாரம் போன் செய்து, "மச்சான், ஏதாவது டெக்னிகலாப் பேசு. ஆனா ஒருத்தரும் தூங்கக் கூடாது" என்றார். சாப்பாட்டுக்கு முந்தைய நேரம் என்பதால் பாதி வேலையைப் பசி பார்த்துக்கொள்ளும். மீதிப் பாதிக்கு நம்ம ஹாஸ்டலையே துணைக்கு அழைக்கிறேன்.

ஹாஸ்டல் கீழ்த்தளத்தில் குளியலறை எட்டு. ஞாபகம் இருக்கிறதா? காலை ஏழிலிருந்து எட்டு மணிக்குள் முப்பத்தாறு பேர் குளிக்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிஷம். (பாட்டுப் பாடிக்கொண்டு அரை மணி குளித்தவர்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.) மொத்தம் 360 நிமிஷம். அதை 60-ஆல் வகுத்தால் 6. எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அளந்து வைத்தாற்போல வந்தால் ஆறு அறையே போதும். நமக்கு எட்டு இருந்தது. அப்படியும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் எட்டுக் கதவும் சாத்தியிருக்கும். ஏன்?

இதே கேள்வியைத்தான் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர் கேட்டார். அவருடைய கவலை டெலிபோன் லைன்களைப் பற்றியது. மனுஷர்கள் அளந்து வருவதில்லை; இஷ்டத்துக்கு வருகிறார்கள். நாலு பேர் சேர்ந்தாற்போல வருவார்கள், அப்புறம் ஐந்து நிமிஷம் ஒருத்தரும் வர மாட்டார்கள். இந்த இஷ்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு என்று 1909-லேயே எழுதினார். 1917-ல் ஒரு சூத்திரம் கொடுத்தார். நான் சொன்ன அந்த 6-க்கு இன்று அவர் பெயர்தான்: 6 எர்லாங். அவர் சூத்திரத்தில் 6 எர்லாங்கையும் 8 அறையையும் போட்டால் வருவது 12 சதவீதம். அதாவது எட்டுப் பேரில் ஒருவருக்கு எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். இதை 2 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டுமானால் பன்னிரண்டு அறை கட்ட வேண்டும். பதினொன்று கட்டினால்கூட 2.3 சதவீதம் வந்துவிடும்.

இதில் ஒரு அனுமானம் இருக்கிறது. கதவு சாத்தியிருந்தால் வந்தவர் சண்டை போடாமல், காத்திருக்காமல், குளிக்காமலேயே வகுப்புக்குப் போய்விடுகிறார் என்பது அது. நம்மில் பலருக்கு அது பொருந்தும். ஆனால் இந்த அனுமானத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொன்று. மூன்றாம் வருஷத்தில் வார்டன் நடுக் கதவைப் பூட்டி, கிழக்குப் பக்கத்தாருக்கு நாலு, மேற்குப் பக்கத்தாருக்கு நாலு என்று பிரித்தார். நியாயமான பங்கீடுதானே என்று தோன்றும். அதே ஆட்கள், அதே எட்டு அறைகள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பக்கத்துக்கு 3 எர்லாங், 4 அறை. கதவு சாத்தியிருக்கும் வாய்ப்பு 12-லிருந்து 20 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. கிழக்கே க்யூ நிற்கும்போது மேற்கே ஓர் அறை சும்மா இருக்கும், போக முடியாது. ஒரு பூட்டு செய்த வேலை. பிற்காலத்தில் நான் பார்த்த உத்தியோகம் பூராவும் இந்தப் பூட்டோடு போராடியதுதான் என்றால் மிகையில்லை.

எப்படி என்று சொல்கிறேன். கைபேசிக்கு முன்னாலேயே காரில் வைத்துப் பேசும் ரேடியோ டெலிபோன் இருந்தது. ஊருக்கு நடுவில் ஒரு உயரமான கோபுரம், பலமான டிரான்ஸ்மிட்டர், ஊர் முழுக்க அதுவே பேசும். நியூயார்க்கில் 1976-ல் அந்தச் சேவைக்கு இருந்தவை 12 சேனல்கள். சந்தாதாரர்கள் 543 பேர். காத்திருந்தவர்கள் 3,700-க்கும் மேல். கோடி ஜனம் உள்ள ஊருக்கு இது! ஒரு அலைவரிசையை ஒருவர் பிடித்துவிட்டால் ஊர் முழுக்க வேறு யாருக்கும் அது இல்லை.

வழி அதற்கு முப்பது வருஷம் முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டி.எச். ரிங் என்பவர் ஒரு குறிப்பு எழுதினார். உயரமான ஒரே கோபுரம் வேண்டாம். குட்டைக் கோபுரங்கள் நிறைய வை. சன்னமாகப் பேச வை. ஊரைத் தேன்கூடு மாதிரி அறுகோணமாகப் பிரி. இந்த அறையில் உபயோகித்த அலைவரிசையைச் சில அறைகள் தள்ளி மறுபடியும் உபயோகி. 'செல்' என்ற பெயருக்கு அதுதான் மூலம். இதை நடைமுறைக்குக் கொண்டுவர, கார் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போது பேச்சு அறுபடாமல் கைமாற்றிக் கொடுக்கக் கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் சிகாகோவில் 1983 அக்டோபரில்தான் வியாபார ரீதியாக வந்தது. ஜப்பான்காரர்கள் 1979-லேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

எத்தனை அறை தள்ளி? அதுதான் பிளானிங் எஞ்சினியரின் சாப்பாடு. ஜிஎஸ்எம் போனுக்கு, தன்னுடைய சிக்னல் மற்றவர் குறுக்கீட்டைவிடச் சுமார் எட்டு மடங்காவது பலமாக இருக்க வேண்டும். ரொம்பத் தள்ளி வைத்தால் பேச்சு சுத்தமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு செல்லுக்கும் கிடைக்கும் சேனல் குறையும். கிட்ட வைத்தால் சேனல் கிடைக்கும், பேச்சு கரகரக்கும். கொள்ளளவு வேண்டுமா, தரம் வேண்டுமா என்று தினமும் தராசு பிடிக்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்று மேலதிகாரி சொல்வார். அவருக்கென்ன.

நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, டில்லியில் இருந்த தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் முதல் செல்லுலார் அழைப்பு. அந்த வருஷமே நானும் எக்ஸ்சேஞ்ச் கம்பெனி வேலையை விட்டுவிட்டு சென்னையில் இந்தத் துறைக்கு வந்தேன். அப்போது நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய்க்கு மேல். வரும் அழைப்புக்கும் காசு. நம்பரைப் பார்த்து, கட் பண்ணிவிட்டு, பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு ஓடிப் பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொள்ளளவு என்பது அப்போது பிரச்சினையே இல்லை. பேச ஆள் இல்லை!

அரசாங்கம் ஆரம்பத்தில் கொடுத்தது 4.4 மெகாஹெர்ட்ஸ், பிறகு 6.2. ஜிஎஸ்எம்-ல் ஒரு அலைவரிசைக்கு 200 கிலோஹெர்ட்ஸ். ஆகவே முதலில் 22, பிறகு 31 அலைவரிசைகள். ஒவ்வொன்றிலும் எட்டுக் கால இடைவெளி, அதாவது எட்டுக் குளியலறை! சும்மா சொல்லவில்லை, அதே எட்டு. அதில் ஒன்றிரண்டை அழைப்பு ஏற்பாட்டுக்கான சிக்னல் வேலைக்கு ஒதுக்க வேண்டும். ஒரு கோபுரத்தில் மூன்று திசைக்கு மூன்று செல். நாலு கோபுரம், பன்னிரண்டு செல் ஒரு கொத்து. 31-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் செல்லுக்கு இரண்டரை. இரண்டு அலைவரிசை வைத்தால் பேச்சுக்கு 14 வழி. எர்லாங் அட்டவணையில் 2 சதவீதத்துக்கு நேராகப் பார்த்தால் 14 வழி தாங்குவது 8.2 எர்லாங். ஒரு ஆள் பிஸி ஹவரில் ஒன்றரை நிமிஷம் பேசுகிறார் என்று வைத்தால் சுமார் 330 பேருக்குப் போதும். ஒரே அலைவரிசை வைத்த செல்லில் 7 வழிதான். அது தாங்குவது 2.94 எர்லாங். பாதிகூட இல்லை பாருங்கள்! வார்டன் போட்ட பூட்டு இங்கேயும் வேலை செய்கிறது.

இது காகிதத்தில். நிலத்தில் இறங்கினால் அறுகோணம் எங்கேயும் கிடையாது. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் நாலில் ஒன்றாகும் என்று படித்தோம். கட்டடம் நிறைந்த ஊரில் பத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். ஜப்பானில் ஒகுமுரா என்பவர் டோக்கியோவிலும் சுற்றுப்புறத்திலும் வண்டியில் அளந்து அளந்து 1968-ல் வளைகோடுகளாக வெளியிட்டார். 1980-ல் ஹாட்டா என்பவர் அந்தக் கோடுகளைச் சூத்திரமாக்கினார். டோக்கியோவின் சூத்திரத்தை வைத்துக்கொண்டு நாங்கள் தமிழ்நாட்டில் டவர் போட்டோம். அதில் தென்னந்தோப்பு கிடையாது. நிறைந்த ஏரி கிடையாது. ஏரித் தண்ணீர் மேல் சிக்னல் வழுக்கிக்கொண்டு போய், நாம் நினைக்காத ஊரில் போய் இறங்கும். அங்கே அதே அலைவரிசையில் பேசிக்கொண்டிருப்பவர் காதில் கரகரப்பு. அதனால்தான் ஜீப்பில் லேப்டாப்பும் டெஸ்ட் போனும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினோம். 'டிரைவ் டெஸ்ட்' என்று பெயர். ஆன்டெனாவை இரண்டு டிகிரி தலை குனிய வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கல்யாணமான புதிதில் நமக்கு நடந்த மாதிரிதான்.

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதுவரைக்கும் இதை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

2003 மே மாதத்திலிருந்து வரும் அழைப்புகள் இலவசம் என்றானது. அதன் பிறகு ஜனம் கொட்டியது. 2004 அக்டோபரில் நாட்டில் கைபேசிகளின் எண்ணிக்கை, வீட்டு லைன்களின் எண்ணிக்கையைத் தாண்டியது. அடுத்த மாதம் திருவண்ணாமலை கார்த்திகை தீபம். வட மாவட்டங்களுக்கு ரேடியோ பிளானிங் என் பொறுப்பு. கம்பெனி பெயர் வேண்டாம்.

திருவண்ணாமலை ஒரு பிளானிங் எஞ்சினியருக்குக் கடவுள் வைத்த பரீட்சை. நடுவில் 2,600 அடிக்கு மேல் மலை. ஒரு பக்க சிக்னல் மறுபக்கம் தெரியாது. மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை. சாதாரண நாளில் மேற்குப் பக்கம் ஈ காக்கை கிடையாது. அங்கே இரண்டு சின்ன செல்கள் போதும் என்று போட்டிருந்தேன். தீபத்தன்று லட்சக்கணக்கில் ஜனம். அதுவும் ஒரு இடத்தில் நிற்கும் ஜனம் இல்லை. எல்லோரும் மலையை வலப்புறம் வைத்து ஒரே திசையில் நடக்கிறார்கள். அக்னி லிங்கத்தில் இருக்கும் கூட்டம் இரண்டு மணி நேரத்தில் அடிஅண்ணாமலையில் இருக்கும், பிறகு குபேர லிங்கத்தில் இருக்கும். பாரம் நடந்து வருகிறது!

முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டேன். ஒரு செல்லின் எல்லைக்குள் போன் வைத்திருப்பவர்கள் பத்தாயிரம் பேர், ஆளுக்கு ஒன்றரை நிமிஷம் என்றால் 250 எர்லாங். அதற்கு 260-க்கு மேல் வழிகள் வேண்டும். முப்பத்து மூன்று அலைவரிசை! எங்களிடம் மாநிலத்துக்கே இருந்தது முப்பத்தொன்று. ஆகவே முழுசாகத் தாங்க முடியாது என்பது தெரியும். எவ்வளவு தாங்கலாம் என்பதுதான் கேள்வி. வண்டியில் கொண்டுவந்து நிறுத்தும் தற்காலிக டவர் இரண்டு கேட்டேன். ஒன்று கொடுத்தார்கள். அதைக் கோயில் பக்கம் நிறுத்தினோம்.

சாயந்திரம் ஆறு மணி. உச்சியில் தீபம் ஏற்றினார்கள். "அரோகரா" என்று மலையே சத்தம் போட்டது. அடுத்த நிமிஷம் அத்தனை பேரும் ஊருக்குப் போன் போட்டார்கள். "தீபம் பாத்துட்டோம்!"

இங்கேதான் எர்லாங்கின் அனுமானத்தை ஞாபகப்படுத்துகிறேன். கதவு சாத்தியிருந்தால் வந்தவர் போய்விடுவார் என்றார் அவர். செல்போன்காரர் போவாரா? பச்சைப் பொத்தானை மறுபடி அமுக்குவார். மறுபடி. மறுபடி. ஒரு அழைப்பு ஐந்து முயற்சி ஆகிறது. ஒவ்வொரு முயற்சியும் சிக்னல் சேனலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் பேச்சு வழி காலியாக இருந்தாலும் அதைக் கேட்டு வாங்குகிற வாசல் அடைத்துக்கொண்டு நிற்கும். அன்றைக்கு வாசல் இன்னும் மோசமாக அடைத்தது. அதற்குக் காரணம் நான்.

நெட்வொர்க்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருப்போம். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததுக்கு நகர்ந்தால் போன் தானாகவே "நான் இப்போ இங்கே இருக்கேன்" என்று ஒரு தகவல் அனுப்பும். அப்போதுதான் நமக்கு வரும் அழைப்பை எங்கே தேடுவது என்று தெரியும். அந்த எல்லைக்கோட்டை நான் ஆபீசில் உட்கார்ந்து மேப்பில் ஸ்கேல் வைத்து மலைக்குக் குறுக்கே கிழித்திருந்தேன். மலை நல்ல எல்லைதானே என்று நினைத்தேன். ஆனால் கிரிவலப் பாதை அந்தக் கோட்டை இரண்டு இடத்தில் தாண்டுகிறது. அதாவது வலம் வரும் ஒவ்வொரு போனும், பேசினாலும் பேசாவிட்டாலும், இரண்டு தடவை வாசலைத் தட்டும். லட்சக்கணக்கான ஜனம் நடந்து தாண்டும் பாதை அது என்பது மேப்பில் தெரியாது. நானும் சின்ன வயசில் அப்பாவோடு கிரிவலம் வந்தவன்தான். ஸ்கேல் பிடித்தபோது அது ஞாபகம் வரவில்லை.

ஏழு மணிக்கு வடக்குப் பக்க செல்கள் மூச்சு முட்டின. ஒரு மருந்து உண்டு. ஒவ்வொரு சிம்முக்கும் 0 முதல் 9 வரை ஒரு வகுப்பு எண் இருக்கிறது. சந்தாதாரருக்கு அது தெரியாது. நெரிசலில் சில வகுப்புகளை "கொஞ்ச நேரம் பேசாதே" என்று செல் அறிவிக்கலாம். அந்தப் போன்கள் வாசலைத் தட்டவே தட்டாது. சென்னை கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்து ஐந்து வகுப்புகளை நிறுத்தச் சொன்னேன். பாதிப் போன்கள். ஐந்தே நிமிஷத்தில் மற்றவர்களுக்கு அழைப்பு கிடைக்க ஆரம்பித்தது. "சார், பிளாக்கிங் மடமடன்னு இறங்குது சார்" என்று கண்ட்ரோல் ரூம் பையன் குதித்தான். எனக்கும் பெருமை. குபேர லிங்கத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன்.

அந்த வகுப்புகளைச் சுழற்சியில் மாற்ற வேண்டும். ஐந்து நிமிஷம் இவர்கள், ஐந்து நிமிஷம் அவர்கள். அதுதான் முறை. கூட்டத்தில், வேலையில், சத்தத்தில் எனக்கு மறந்துவிட்டது. பையனுக்கும் நான் சொல்லவில்லை.

ஒன்பது மணி சுமாருக்கு ஒரு பெரியவர் வந்தார். வேட்டி, நனைந்த சட்டை, கையில் புது நோக்கியா. என் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, நீங்க இந்தக் கம்பெனிதானே? பாருங்க, நாலு கட்டமும் நிக்குது. போவ மாட்டேங்குது தம்பி. ரெண்டு மணி நேரமா அமுக்கறேன்."

"கூட்டம் ஐயா, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

"வீட்டுக்காரி கூட்டத்துல பிரிஞ்சிட்டா தம்பி. அவகிட்ட போன் இல்ல. சர்க்கரை வியாதிக்காரி. வீட்ல பையன் இருக்கான். அவ எங்கனா பூத்துலேர்ந்து அவனுக்குப் பண்ணியிருப்பா. அவன் எனக்குப் பண்ணுவான்னுதான் நிக்கிறேன். ஒண்ணும் வரல."

போனை வாங்கிப் பார்த்தேன். நாலு கட்டம் சிக்னல். அவர் சிம்மைக் கழற்றி என் டெஸ்ட் போனில் போட்டேன். வகுப்பு எண், நான் ஏழு மணிக்கு நிறுத்திய ஐந்தில் ஒன்று. நிறுத்தப்பட்ட போன் கூப்பிடவும் முடியாது, வரும் அழைப்புக்குப் பதில் சொல்லவும் முடியாது. ஆனால் கட்டம் மட்டும் நாலும் நிற்கும்.

எங்கள் கம்பெனி ஆட்களின் சிம்மில் 15 என்ற தனி வகுப்பு உண்டு. எந்தத் தடையும் அதற்குக் கிடையாது. என் போனிலிருந்து அவர் பையனைக் கூப்பிட்டேன். மூன்றாவது முயற்சியில் கிடைத்தது. பையன் அழுகிற குரலில் பேசினார். "அம்மா ஏழரைக்கே பூத்துலேர்ந்து பேசிட்டாங்க சார். ஈசான்ய லிங்கத்துக்கிட்ட ஒரு கடைத் திண்ணையில உக்காந்திருக்காங்க. அப்பாவுக்குப் போட்டா தொடர்பு எல்லைக்கு அப்பாலன்னே வருது சார்."

பெரியவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போக முடியாது, கூட்டம். நடந்தே கூட்டிப்போனேன். அந்த அம்மா திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருந்தார். அவர் புருஷனைப் பார்த்ததும் முதலில் திட்டினார், பிறகு அழுதார். "இந்தத் தம்பிதான் கண்டுபிடிச்சுக் குடுத்திச்சி" என்று பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. போகிற வழியிலேயே கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு வகுப்புகளை மாற்றச் சொல்லியிருந்தேன்.

அடுத்த வாரம் ரிப்போர்ட் தயாரித்தோம். அந்த இரண்டு மணி நேரம் பிரமாதமாக இருந்தது! ஏன் என்று புரிகிறதா? தட்டாத போன் கணக்கில் வராது. நான் பாதிப் பேரை வாசலுக்கே வராமல் தடுத்தேன். வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கவுன்ட்டர் எண்ணியது. நல்ல மார்க் போட்டது. ஏழு மணிக்கு முந்தைய மோசமான ஒரு மணி நேரத்தைப் பற்றி மேலதிகாரியிடம் சொன்னபோது, "ஸ்பெஷல் டேய்யா அது. மாசச் சராசரியில எவன் சேப்பான்? கழிச்சுடு" என்றார். கழித்தேன். கையெழுத்துப் போட்டேன். தடுக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அதையும் நானே அடித்தேன். யாரும் என் கையைப் பிடித்து அடிக்கச் சொல்லவில்லை.

அதன் பலன் என்ன தெரியுமா? ரிப்போர்ட்டில் குறை இல்லாத ஊருக்கு பட்ஜெட் எதற்கு? அடுத்த வருஷம் கேட்ட டவர்கள் கிடைக்கவில்லை. எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பது? என் கையெழுத்தே எனக்கு எதிர்சாட்சி.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியதைச் செய்தேன். எல்லைக்கோட்டை அழித்து, மலையையும் கிரிவலப் பாதையையும் முழுசாக ஒரே பகுதிக்குள் கொண்டுவந்தேன். அரை நாள் வேலை. 2005 தீபத்தன்று சிக்னல் வாசலின் நெரிசல் பாதிக்கும் மேல் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். வகுப்புச் சுழற்சியைக் கம்ப்யூட்டரே செய்கிற மாதிரி கண்ட்ரோல் ரூம் பையன் ஒரு சின்ன புரோகிராம் எழுதினான். தடுத்த நேரத்தையும் வகுப்பையும் தனி நோட்டில் குறித்து வைத்தோம். அதற்கடுத்த வருஷம் அந்த நோட்டை மேஜையில் போட்டுத்தான் டவர் வாங்கினேன்.

அதற்குப் பிறகு சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம். 'தூங்கும் செல்' என்று எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. டவர் நிற்கும், சிக்னல் வரும், விளக்கு எரியும்; ஏதோ உள்கோளாறால் ஒரு அழைப்பையும் ஏற்காது. அழைப்பே இல்லாததால் அறுந்த அழைப்பும் இல்லை. மாத ரிப்போர்ட்டில் மாவட்டத்திலேயே மிகச் சிறந்த செல் அதுதான்! புதிதாக வருகிற பையன்களுக்கு நான் சொல்வேன், லிஸ்ட்டைக் கீழேயிருந்து பார்க்காதே, மேலேயிருந்து பார், பூஜ்யம் இருந்தால் முதலில் அங்கே போ என்று.

நம் நாட்டு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், நீண்ட காலம் ஒரு சர்க்கிள் முழுமைக்கும் சேர்த்து, அறுந்துபோகும் அழைப்பு 2 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்று வைத்திருந்தது. சென்னையில் நன்றாக இருப்பது ஜவ்வாது மலையில் மோசமாக இருப்பதை மூடிவிடும். 2015-ல், அறுந்த ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று ரூபாய் வரை நஷ்டஈடு என்று ஓர் உத்தரவு போட்டார்கள். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு 2017 அக்டோபரிலிருந்து அளக்கும் முறையையே மாற்றினார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு செல்கள், நூற்றுக்குத் தொண்ணூறு நாட்கள், 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற மாதிரி. மோசமான செல்லையும் மோசமான நாளையும் சராசரிக்குள் புதைப்பது கஷ்டமாயிற்று. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? தொண்ணூறு நாள் என்றால் மீதிப் பத்து நாள் இருந்தது. தீபம் அந்தப் பத்துக்குள்தான் வந்தது.

இப்போது பேச்சு என்பதே டேட்டாவில் ஒரு துளி ஆகிவிட்டது. 14 வழி, 22 வழி என்று எண்ணிய காலம் மலையேறிவிட்டது. இளைஞர்கள் எர்லாங்குக்குப் பதில் மெகாபிட் எண்ணுகிறார்கள். ஆயிரம் பேர் சேர்ந்தால் அப்போது மாதிரி கதவு சாத்தாது. எல்லோருக்கும் வட்டம் சுற்றும். ஆனால் எந்த ஆளை எண்ணுகிறோம், எந்த ஆளை எண்ணவில்லை என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் இதைச் சொன்னேன்.

நான் ஓய்வு பெற்றபோது வீட்டுக்கு எடுத்து வந்தவை ஏழு நோட்டுப் புத்தகங்கள். டிரைவ் டெஸ்ட் அளவுகள், ஏரிக்கரை ஆன்டெனாக்களின் சாய்வுக் கோணம், தீபம் நோட்டு எல்லாம் இருக்கின்றன. 2004 ரிப்போர்ட்டின் நகலும் இருக்கிறது, நான் அடித்த வரியோடு. நம் துறைத் தலைவர் அவர்கள் அனுமதித்தால் அவற்றை ஆய்வுக்கூட அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறேன். கையெழுத்து மோசம், அதற்கு நமது அன்றைய ரெக்கார்டு நோட்டு மதிப்பெண்களே சாட்சி.

சாப்பாட்டுப் பந்திக்கு முதல் மணி அடித்துவிட்டது. முதல் பந்தியில் எத்தனை இலை என்று எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன். எண்பது. நாம் இருநூறு பேர். முதலில் ஆசிரியர்களும் குடும்பத்தாரும் போகட்டும்.